ஐரோப்பிய ஒன்றியமும் ஏகமனது விதியும்

தனித்தனியே அரசாளும் 27 தேசங்கள் புறநாட்டாரோடு ஒரே வாயாற் பேசுதல் கூடுமோ? 1993-ஆம் ஆண்டு அமலுக்கு வந்த மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையால் ஐரோப்பிய ஒன்றியம் அம்முயற்சியை மேற்கொண்டது. வாணிகத்திலும் வேளாண்மையிலும் பெரும்பாலும் மிகுதியான வாக்குகளாலே முடிவு செய்யும் அவ்வொன்றியம், அயல்நாட்டு விவகாரத்திலும் பாதுகாப்பிலுமோ, சில விலக்குகள் நீங்கலாக, யாவரும் இசைந்தாலன்றி ஓரடியும் எடுத்து வையாது. தன் படையை ஏவும் உரிமையைப் பிறர் வாக்குக்கு விட்டுக்கொடுக்க எவ்வரசுதான் துணியும்? ஆதலின் நாம் இவ்விதியைக் கண்டு வியப்பதற்கில்லை.

அதன் விலையை 2020-இல் கண்டோம். பெலருஸ் நாட்டில் ஆகஸ்டு 9-ஆம் தேதி நடந்த தேர்தல் பொய்யென்று கொதித்த குடிகள் வீதிகளிலே திரண்டனர். காவலர் அவர்களை அடித்துச் சிறையிலிட்டனர். அக்கொடுமைக்குப் பொறுப்பானோர்மீது தடை விதிக்கவேண்டுமென்பதில் ஒன்றியத்தாரிடையே கொள்கையளவில் வேற்றுமையில்லை. எனினும் சைப்ரஸ் தீவு இசையவில்லை. தான் உரிமை கோரும் கடற்பரப்பில் எரிவாயு தேடித் துளையிட்ட துருக்கியின்மீதும் நடவடிக்கை வேண்டுமென்றது. வாரங்கள் கழிந்தன. சிறையிற் கிடந்தோர்க்கு அவை எத்துணை நீண்டனவோ! அக்டோபர் முதல் நாள் கூடிய தலைவர்கள் துருக்கியை எச்சரித்த பின்னரே, மறுநாள் 40 பேர்மீது தடை பிறந்தது. அதிபர் லுகஷெங்கோவின் பெயரோ நவம்பரில்தான் சேர்ந்தது.

சைப்ரஸைத் தன்னலமுடையதென்று இகழ்தல் எளிது. 1974 முதல் வடபாகத்தில் துருக்கிப் படை நிற்கும் அச்சிறு தீவின் சொல்லைப் பெருந்தேசங்கள் செவிமடுக்கும் வேளை வேறேது? தடுக்காது ஒதுங்கிநிற்கும் வழியும் உடன்படிக்கையில் உண்டு. 2008-இல் ஒன்றியம் கொசோவோவுக்கு நீதி, காவல் பணிக்குழுவை அனுப்பத் தீர்மானித்தபோது இதே சைப்ரஸ் அவ்வாறு ஒதுங்கிற்று. ஆயினும் ஒதுங்குதல் அவ்வவ்வரசின் விருப்பமேயன்றிக் கட்டாயமன்று.