வரையாத எல்லையும் வகுத்த வழியும்

தமிழ்நாட்டின் வட எல்லையில், ஆந்திரப் பிரதேசத்தை அடுத்து, குன்றின்மேல் கோயில் கொண்டு விளங்கும் ஊர் திருத்தணி. சென்னை மாநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், அரக்கோணத்திலிருந்து இரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் இவ்வூர் அமைந்துள்ளது. முருகப்பெருமானின் ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இத்தலத்தைத் தணிகை என்றும் வழங்குவர். முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பது புராண வரலாறு. மலைக்கோயிலை அடைய 365 படிகள் உள்ளன; அவை ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். ஆடிக் கிருத்திகையன்று காவடி ஏந்திவரும் அடியார்கள் அப்படிகளை ஒவ்வொன்றாக ஏறிக் கடக்கின்றனர். மலையடிவாரத்துக் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கும்.

“நாளை நடப்பதை யார் அறிவார்?” என்பது உலகோர் வழக்கு. இதனைக் கேட்ட சிலர், அறிய இயலாத ஒன்றிற்குத் திட்டம் எதற்கு என்று வாளா இருந்துவிடுகின்றனர். வேறு சிலரோ, எதிர்காலம் இவ்வாறுதான் அமையும் என்று தாமே முடிவு செய்துகொண்டு, அந்த ஒரு வழியிலேயே தம் பொருளையும் காலத்தையும் செலவிடுகின்றனர். நிலைமை மாறியவுடன் முன்னவர் கையற்று நிற்பர். பின்னவர் மனம் உடைந்து நிற்பர். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதனைத் திருத்தணி வட்டாரத்து உழவர் நன்கு அறிவர்.

இவ்வட்டாரத்து நிலங்களுட் பல, ஏரி நீரையும் பருவ மழையையும் நம்பியவை. மழை எவ்வளவு பெய்யும் என்பதை எவ்வுழவனும் முன்னரே அறியான். ஆயினும் அவன் கைகட்டி இருப்பதில்லை. வானம் இருளுமுன்னரே ஏரிக் கரையையும் வரத்துக் கால்வாயையும் செப்பனிடுகின்றான், கலப்பையைச் சீர்செய்கின்றான், எருவைக் குவித்து வைக்கின்றான். ஏரி நிரம்பினால் நெல் நடுகின்றான். நீர் குறைந்தால் கேழ்வரகோ வேர்க்கடலையோ விதைக்கின்றான். எத்துணை வறுமை வந்தபோதும் விதைநெல்லை உலையிலிட அவன் மனம் துணிவதில்லை. எது நேரினும் பயன்படும் வேலையை முன்னரே முடித்தல், நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடம் வைத்தல், முதலை அழியாது காத்தல் என்னும் மூன்றும் அவனுடைய திட்டத்துள் அடங்கியுள்ளன.

இம்மூன்றும் கல்வித் துறையிலும் பயன் தருவன என்பதற்கு இவ்வூரில் பிறந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையே சான்றாகும். 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் தோன்றியவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன். அவருடைய தந்தையார் சமீன்தாரிடம் வருவாய்த் துறையில் சிறு பணி பார்த்தவர். குடும்பம் செல்வ வளம் உடையதன்று. திருப்பதியிலும் வேலூரிலும் கல்வி பயின்ற இராதாகிருட்டிணன், உதவித்தொகையின் துணைகொண்டே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். எப்பாடத்தை எடுத்துப் படிப்பது என்னும் வினா எழுந்தது. அக்கல்லூரியிற் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடநூல்களை அவருக்கு அளித்தார். நூல் வாங்கும் செலவு குறைந்தமையால் தத்துவமே அவருக்குரிய பாடமாயிற்று.

பழைய நூல்கள் சில கைக்குக் கிடைத்தமை தற்செயல். அவற்றை ஆழ்ந்து கற்றமை அவருடைய முயற்சி. 1909ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த அவர், பின்னர் மைசூரிலும் கல்கத்தாவிலும் ஆக்சுபோர்டிலும் கற்பித்தார். 1952இல் இந்தியக் குடியரசின் துணைத்தலைவராகவும், 1962இல் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். அவர் பிறந்த நாளே ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. கல்லூரி வாயிலில் நின்ற அவ்விளைஞர் இவற்றுள் ஒன்றையேனும் திட்டமிட்டிருக்க இயலாது. கைக்கு எட்டிய கல்வியைக் குறைவறக் கற்றலே அவரால் இயன்றது; அதனை அவர் செவ்வனே செய்தார்.

தனி ஒருவருக்கு நேர்ந்த இத்தகைய நிலை, பிற்காலத்தில் ஊர் முழுவதற்குமே நேர்ந்தது. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, அதுவரை வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த திருத்தணிப் பகுதி அதனுள் சேர்க்கப்பட்டது. இரண்டும் ஒரே சென்னை மாகாணத்துள் இருந்தமையால், அம்மாற்றத்தின் விளைவு அன்று பலருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. மொழிவழி மாநிலம் வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றபோதுதான் அந்த எல்லைக்கோட்டின் பொருள் விளங்கிற்று. தெலுங்கு பேசுவோர்க்குத் தனி மாநிலம் வேண்டி உண்ணாநோன்பு இருந்த பொட்டி சிரீராமுலு 1952ஆம் ஆண்டு டிசம்பரில் உயிர் நீத்தார். 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியது. சித்தூர் மாவட்டம் முழுவதும், அதனுள் திருத்தணியும், அம்மாநிலத்தைச் சேர்ந்தன.

அன்று தொடங்கி ஆறரை ஆண்டுக் காலம் திருத்தணி மக்களின் வாழ்வில் ஐயம் நிலவிற்று. நம் ஊர் இம்மாநிலத்திலேயே நிலைக்குமா, சென்னை மாநிலத்தோடு இணையுமா என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. பிள்ளையை எம்மொழியிற் படிக்கவைப்பது? அவன் வளர்ந்தபின் எவ்வரசின் பணியை நாடுவது? நிலப் பத்திரத்தை இனி எம்மொழியில் எழுதுவர்? வழக்கு நேர்ந்தால் எந்நகருக்குச் செல்வது? இவ்வினாக்களுக்கு விடை காணாமலே மக்கள் நாள்தோறும் வாழ வேண்டியிருந்தது. 1953இல் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தை, முடிவு தெரியுமுன் ஆறு வகுப்புகளைக் கடந்திருக்கும். அரசின் முடிவிற்காக அக்குழந்தையின் வளர்ச்சி நிற்குமோ?

இந்நிலை வருமுன்னரே ஏரிக்கரையைச் செப்பனிட்ட உழவனைப் போன்றவர் தமிழாசிரியர் மங்கலங்கிழார். அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்தைச் சேர்ந்த இவர், வட எல்லைச் சிற்றூர்களில் தமிழ் எழுதவும் படிக்கவும் கற்பிப்போர் அருகியிருத்தலைக் கண்டு வருந்தினார். எல்லை எவ்வாறு வரையப்படும் என்று காத்திராமல், திருத்தணி வட்டாரத்து ஊர்களிற் பொருள் கருதாது தமிழ் வகுப்புகளை நடத்தினார். எழுத்தறியாதார்க்கு எழுத்தும், எழுத்தறிந்தார்க்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார்.

இவரோடு இணைந்து வட எல்லைக்காகப் பாடுபட்டவர் ம. பொ. சிவஞானம். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பை இழந்து, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த அவர், தம் முயற்சியாலேயே கற்றுப் பேரறிஞரானார். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக வேங்கட மலையைக் கூறுவதை எடுத்துக்காட்டி, 1946இல் தாம் தொடங்கிய தமிழரசுக் கழகத்தின் வாயிலாக எல்லைப் போராட்டத்தை அவர் நடத்தினார். பலர் சிறை சென்றனர். சிலர் உயிரும் நீத்தனர்.

ஈற்றில், எல்லையை ஆராய்ந்து முடிவு கூறும் பொறுப்பு எச். வி. படாசுகரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு கிராமத்தையும் தனித்தனி அலகாகக் கொண்டு, அங்குப் பெரும்பான்மையோர் பேசும் மொழியையும், நிலத்தின் தொடர்ச்சியையும் நோக்கி எல்லை வகுப்பது என்று முடிவாயிற்று. அதன்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தோடு இணைந்தன. அவற்றிற்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து தெலுங்கு பேசும் கிராமங்கள் பல ஆந்திரப் பிரதேசத்திற்குச் சென்றன. 1997 முதல் திருத்தணி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

மங்கலங்கிழார் 1953ஆம் ஆண்டிலேயே மறைந்தார். 1960இல் நிகழ்ந்ததைக் காண அவர் இல்லை. எனினும் அவர் செய்த பணி எல்லைக்கோட்டை மட்டும் நம்பியதன்று. கோடு எப்பக்கம் விழுந்திருப்பினும், அவரிடம் எழுத்தறிந்தவரின் அறிவு அவரோடே இருந்திருக்கும். திருப்பதியும் சித்தூரும் ஆந்திரப் பகுதியிலேயே நின்றன. அங்கு வாழ்ந்த தமிழர்க்கும் அவர்தம் கல்வி துணையாயிற்று. இருமொழியும் அறிந்த எல்லைப்புறத்தார்க்கோ எப்பக்கமும் தம் பக்கமே ஆயிற்று.

இக்காலத்து மாணாக்கர் முன்னே நிற்கும் ஐயம் வேறு வகையினது. இன்று சிறப்புற்றிருக்கும் தொழில், அவர்கள் படித்து முடிக்கும்போது இருக்குமோ என்பது தெரியாது. புதிய பொறிகள் சில பணிகளை ஒழிக்கலாம். வேறு பணிகளைப் படைக்கலாம். குடும்பத்தில் நோயோ இழப்போ நேர்ந்து, எண்ணிய படிப்பு தடைப்படவும் கூடும். இவற்றைத் தடுக்கும் ஆற்றல் மாணாக்கர்க்கு இல்லை. ஆயின், பிழையின்றி எழுதவும் பேசவும் கற்றல், கணக்கைத் தெளிவுற அறிதல், இன்னுமொரு மொழியைப் பயிலல், கைத்தொழில் ஒன்றேனும் பழகல் ஆகியவை அவர்தம் கையில் உள்ளன. இவை எத்தொழிலுக்கும் அடிப்படையானவை. எவ்வூருக்குச் சென்றாலும் உடன் வருபவை.

அதனோடு, விரும்பிய வழி அடைபட்டால் செல்லுதற்குரிய மற்றொரு வழியையும் முன்னரே எண்ணி வைத்தல் வேண்டும். கிடைக்கும் சிறு பொருளில் ஒரு பகுதியை விதைநெல்போற் காத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தம் திட்டத்தை எடுத்துப் பார்த்து, மாறிய நிலைமைக்கேற்பத் திருத்திக்கொள்ளுதலும் வேண்டும். திருத்துதல் தோல்வியாகாது, நீர் குறைந்த ஆண்டில் கேழ்வரகு விதைத்தவனை ஊரார் தோற்றவன் என்று கூறுவதில்லை.

எதிர்காலத்தின் எல்லைகளைப் பல வேளைகளில் பிறரே வரைகின்றனர். அவை வரையப்படும்வரை காத்திருப்போர்க்கு நாள்கள் வீணே கழியும்; தம்மால் இயன்றதை அன்றன்று செய்வோர்க்கோ ஒவ்வொரு நாளும் மேலே செல்லும் ஒரு படியாகும்.

பயிற்சி

1. திருத்தணி வட்டாரத்து உழவனின் திட்டத்துள் அடங்கிய மூன்று செயல்கள் யாவை?
2. இராதாகிருட்டிணன் தத்துவம் பயில நேர்ந்தது எவ்வாறு?
3. 1953 முதல் 1960 வரை திருத்தணி மக்களுக்கு எழுந்த ஐயங்களை விளக்குக.
4. மங்கலங்கிழாரின் பணி எல்லைக்கோட்டை மட்டும் நம்பியதன்று என்று கூறுவது ஏன்?
5. நும் எதிர்காலத் திட்டத்தில் நும் கையில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்து ஒரு கட்டுரை வரைக.