கைத்திறனும் கைக்கு வராத பணமும்

அலிகார் என்றால் பூட்டு. ஃபிரோசாபாத் என்றால் கண்ணாடி வளையல். குர்ஜா என்றால் பீங்கான். லூதியானா என்றால் கம்பளி ஆடை. ஊரின் பெயரே பொருளுக்கு முத்திரையாகிவிட்ட இத்தகைய இடங்களைத் தொழில் தொகுப்புகள் என்கிறோம். ஒரே தொழிலில் ஈடுபட்ட சிறு உற்பத்தியாளர்களும், அவர்களுக்கு மூலப்பொருள் தருவோரும், கருவி செய்வோரும், வாங்கி விற்போரும் ஓரிடத்தில் திரண்டிருப்பதே தொகுப்பின் இலக்கணம். பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல், 1890-இல் வெளிவந்த தமது நூலிலேயே, இவ்விடங்களில் தொழில்நுணுக்கம் தனியொருவரின் இரகசியமாக இராமல் ஊருக்கே பொதுவாகிவிடுவதை விளக்கினார்.

இத்தகைய தொகுப்பின் வலிமையையும் அதன் வலியையும் அறிய, உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பூச்சாடி, பல கைகள்

ராமகங்கை ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர், ஷாஜகானின் மைந்தர் முராதின் பெயரைத் தாங்கியது. மக்கள் இதனை 'பீத்தல் நகரி', அதாவது பித்தளை நகரம், என்று அழைக்கின்றனர். இங்கு உருவாகும் பூச்சாடி ஒரே பட்டறையில் பிறப்பதில்லை. மணல் அச்சில் பித்தளையை உருக்கி வார்ப்பவர் ஒருவர். வார்ப்பின் பிசிறு நீக்கிச் சீவுபவர் மற்றொருவர். துண்டுகளைப் பற்றவைப்பவர், சிற்றுளியால் பூவேலை செய்பவர், மெருகேற்றுபவர், நிறம் மங்காதிருக்க மேற்பூச்சு இடுபவர் எனக் கைகள் மாறிக்கொண்டே செல்லும். இறுதியில் ஏற்றுமதியாளர் அதனைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்.

இவ்வமைப்பில் எவரும் எல்லா இயந்திரங்களையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வேலையை மட்டும் நன்கு அறிந்தவர் சிறு முதலுடன் தொழிலில் இறங்கலாம். இதுவே தொகுப்பின் வலிமை.

பணம் திரும்பும் பாதை

பொருள் சென்ற பாதையிலேயே பணம் பின்னோக்கி வரவேண்டும். வெளிநாட்டு வணிகர் ஏற்றுமதியாளருக்குத் தரவேண்டும். ஏற்றுமதியாளர் பட்டறைக்காரருக்குத் தரவேண்டும். ஆனால் உலோகத்தின் விலையும் எரிபொருளின் செலவும் வேலையாட்களின் கூலியும் அதுவரை காத்திருப்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பட்டறை மாதம் 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு தருகிறது. பணம் 90 நாள்களில் வருகிறது எனில், எந்நேரமும் 6 லட்சம் ரூபாய் நிலுவையில் நிற்கும். அதே பணம் 45 நாள்களில் வருமாயின் நிலுவை 3 லட்சமாகக் குறையும். மீதமுள்ள 3 லட்சத்தை 12 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி ஆகும். நடைமுறை மூலதனக் கடன் கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: உங்களுக்கு வரவேண்டியது எவ்வளவு, எத்தனை நாளாக?

சட்டம் தரும் துணை

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு விடை தருகிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கோ, செய்வித்த வேலைக்கோ, எழுத்து ஒப்பந்தம் இருப்பின் அதில் குறித்த நாளுக்குள், எனினும் ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாள்களுக்கு மிகாமல், பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களே. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கணக்கிடப்படும் கூட்டு வட்டி சேரும். மேலும், 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் செய்த திருத்தத்தின்படி, காலங்கடத்தும் வணிகர் அத்தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும்.

ஆயினும், வாங்குபவர்மீது முறையிட்டால் அடுத்த வேலை கிடைக்குமா என்ற அச்சம் கைவினைஞருக்கு உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆகவே, பூசல் எழுந்தபின் சட்டத்தைத் தேடுவதைவிட, வேலை தொடங்கும் முன்பே சிலவற்றைச் செய்துகொள்வது நன்று.

முதலாவதாக, உத்யம் பதிவு. இது இணையத்தில் கட்டணமின்றிச் செய்யக்கூடியது. வேலை ஏற்கும் முன்பே இப்பதிவு கையில் இருக்கட்டும். இரண்டாவதாக, வாய்மொழி உத்தரவுக்கும் ஒரு சிறு தாள்: பொருள், எண்ணிக்கை, விலை, பணம் தரும் நாள். சரக்கு பெற்றதற்குத் தேதியிட்ட கையொப்பமும் வேண்டும். கெடு அங்கிருந்துதான் எண்ணப்படும். மூன்றாவதாக, வரவை வங்கிக் கணக்கின் வழியே பெறுதல். பிணையாக வைக்கச் சொத்தில்லாதவரின் திறமைக்கு அந்த வரவு செலவே சான்று.

பெரிய நிறுவனங்களுக்குச் சரக்குத் தருவோருக்கு 'ட்ரெட்ஸ்' எனும் மின்னணுத் தளமும் உண்டு. வாங்குபவர் பட்டியலை ஏற்றவுடன், வங்கிகள் அதன்மீது போட்டியிட்டுத் தள்ளுபடி விகிதம் கூறும். பணம் முன்கூட்டியே கிடைக்கும். பின்னர் வாங்குபவர் தவறினாலும் விற்றவரிடம் அத்தொகை திரும்பக் கேட்கப்படாது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இதில் சேர்வது கட்டாயம்.

தனித்துக் கேட்கத் தயங்குவோர் தம் தொழிற்சங்கத்தின் வழியே கேட்கலாம். ஊர் முழுவதும் ஒரே கெடுவைச் சொன்னால், வாங்குபவர் எந்தத் தனிப் பட்டறையையும் ஒதுக்க இயலாது. தொழில்நுணுக்கத்தை ஊர்ச் சொத்தாக்கிய மக்களுக்கு, பணம் பெறும் ஒழுங்கையும் ஊர் வழக்கமாக்குவது அரிதன்று.