32-ஆ, 64-ஆ?

பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது 'எத்தனை கிகாஹெர்ட்ஸ்?' என்று மட்டும் கேட்காதீங்க. பிராசஸர் எத்தனை பிட் என்றும் கேளுங்க. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 4,29,49,67,296 தான். ஒரு முகவரிக்கு ஒரு பைட். ஆக 4 ஜிபியோடு சரி! அதற்கு மேல் ராம் போட்டாலும் சாதாரண 32 பிட் விண்டோஸ் கண்டுக்காது.

2001-இல் வந்த இன்டெல்லின் இடானியம் 64 பிட் தான். ஆனால் பழைய புரோகிராம்கள் அதில் தவழ்ந்தன. 2003-இல் ஏஎம்டி விட்ட ஆப்டெரான் பழசையும் வேகமாக ஓட்டியது (கெட்டிக்காரங்க!). மறுவருஷமே இன்டெலும் அந்த வழிக்கு வந்தது. விண்டோஸ்தான் ஆமை. 32 பிட் பதிப்பை விட 2021-இல் விண்டோஸ் 11 வரவேண்டியிருந்தது.

மாமா தரும் 6,000 ரூபாயில் எனக்கு ஒன்றுதான் கிடைக்கும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் 64 பிட்டையே எடுக்கப்போறேன்.