பொருட்குறியீட்டில் ஏற்படும் வழுக்களும் அவற்றைக் கண்டறிதலும்

க.பொ.த. (சா/த) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – தரவுத்தளம், விரிதாள்

மாணவர்களே, முதன்மைச் சாவி என்றால் என்ன என்று கேட்டால் உங்களிற் பலர் சரியாக எழுதிவிடுகிறீர்கள். அது பழுதானால் என்ன நடக்கும் என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. எனவே ஒரு கடையை வைத்துப் பார்ப்போம்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை இருப்பதாகக் கொள்ளுங்கள். இருப்பும் கட்டளையும் கணினி மூலமே நடைபெறுகின்றன. எசல பெரஹராவுக்கு முந்திய வாரம். கண்டி நகரத்துச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பருப்புக் கேட்கின்றன. கணினி 80 கிலோ இருப்பதாகக் காட்டுகிறது. மீள்கட்டளை மட்டம் 60 கிலோ. ஆகவே புதிய கட்டளை போகவில்லை. களஞ்சியத்தில் நிறுத்துப் பார்த்தால் 50 கிலோதான். யாரும் திருடவில்லை.

நடந்தது இதுதான். பருப்பின் குறியீடு 0045. விலைப் பட்டியலை விரிதாளில் தட்டச்சுச் செய்தபோது, விரிதாள் அதை எண்ணாகக் கருதி முன்னாலிருந்த பூச்சியங்களை நீக்கி 45 ஆக்கிவிட்டது. மென்பொருளுக்கு 0045 உம் 45 உம் வேறு வேறு பொருள்கள். "பொருள் இல்லை" என்று செய்தி வந்ததும், அவசரத்தில் ஒருவர் 45 என்று புதிய பதிவொன்றைச் சேர்த்துவிட்டார். அதன்பின் விற்ற 30 கிலோவும் அந்தப் பதிவிலேயே கழிந்தது. 0045 இல் 80, 45 இல் –30. கூட்டிப் பாருங்கள், 50 வரும்.

கவனிக்க: குறியீட்டைக் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. ஆகவே இலக்கங்களால் ஆனதாயினும் அதன் தரவு வகை பாடம்தான், எண் அன்று. தொலைபேசி இலக்கத்துக்கும் இதுவே விதி. பரீட்சையில் புள்ளி இழக்கும் இடம் இது.

பட்டைக் குறிமுறையில் இன்னொரு சிக்கல் உண்டு. பொதிகளில் அச்சிடப்படும் குறியீடு 13 இலக்கங்களைக் கொண்டது. இலங்கையில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு அது 479 எனத் தொடங்கும். (பொருள் இலங்கையில் உற்பத்தியானது என்பது இதன் கருத்தன்று, பலர் அப்படி நினைக்கிறார்கள்.) விளக்கத்துக்காக 4791234567891 என்ற எண்ணை எடுப்போம். இதைப் பொதுவடிவக் கலத்தில் தட்டச்சுச் செய்தால் விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில், 4.79123 பெருக்கல் பத்தின் 12ஆம் வலு எனத் தோன்றும். உள்ளே பெறுமானம் அப்படியே இருக்கும். ஆனால் அந்நிலையில் சீ.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால், திரையில் தெரிவது மட்டுமே கோப்பில் பதியும். மீண்டும் ஏற்றும்போது 4791230000000 ஆகிவிடும். அதே நிறுவனத்தின் மற்றப் பொருள்களும் 479123 என்றே தொடங்கினால் எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடு! முதன்மைச் சாவி இருமுறை வரலாகாது என்று அட்டவணையில் விதித்திருந்தால் இரண்டாம் பதிவு மறுக்கப்படும். விதிக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: பழுது சத்தமின்றி உள்ளே போய்விடும்.

இதைப் பிடிக்க உதவுவது கடைசி இலக்கம், அதாவது சரிபார்ப்பு இலக்கம். இடமிருந்து முதல் 12 இலக்கங்களில் ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுக: 4+9+2+4+6+8 = 33. இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3 ஆல் பெருக்குக: (7+1+3+5+7+9) × 3 = 96. மொத்தம் 129. அடுத்த பத்தின் மடங்கு 130, வித்தியாசம் 1. கடைசி இலக்கமும் 1, ஆகவே சரி. பழுதான 4791230000000 இல் மொத்தம் 48. கடைசி இலக்கம் 2 ஆக வேண்டும், இருப்பதோ 0. ஒரு இலக்கம் மாறினால் இம்முறை தவறாமல் காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் காட்டும்; 1 உம் 6 உம் போல 5 வித்தியாசமுள்ள சோடி மட்டும் தப்பிவிடும். 2007 முதல் நூல்களின் ஐ.எஸ்.பி.என். இலக்கமும் இதே முறையிலேயே அமைகிறது. வீட்டிலுள்ள ஒரு நூலின் பின்னட்டையில் செய்து பாருங்கள்.

வழுவைத் தேடும்போது உடனே திருத்தத் தொடங்காதீர்கள். ஒரே ஒரு பொருளைக் கையில் எடுங்கள். பொதியில் அச்சிட்ட குறியீடு, மென்பொருளில் உள்ளது, கோப்பில் உள்ளது ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் மாறியதோ அங்கேதான் பழுது. கோப்பை விரிதாளில் திறக்காமல் நோட்பேட்டில் திறவுங்கள். விரிதாள் திறக்கும்போதே மறுபடி மாற்றிவிடும். விரிதாளில் எண் வலப்பக்கமும் பாடம் இடப்பக்கமும் ஒதுங்கி நிற்கும் என்பதும் நல்ல தடயம்.

திருத்தும்போது 45 என்ற பதிவை முதலில் அழிக்கக்கூடாது. விற்பனை அட்டவணையில் அது அந்நியச் சாவியாக இருக்கிறது. விற்பனைகளை 0045 க்கு மாற்றி, இருப்பு 50 என வருகிறதா எனப் பார்த்து, அதன் பின்பே நீக்க வேண்டும்.

பயிற்சி
1. 4791243567891 என்ற குறியீடு செல்லுபடியாகுமா? செய்கை காட்டுக.
2. குறியீட்டு நிரலின் தரவு வகையைத் தட்டச்சுக்கு முன்னரே பாடமாக மாற்ற வேண்டும். பின்னர் மாற்றினால் 0045 மீளாதது ஏன்?

விடை: 1. மொத்தம் 131, கடைசி இலக்கம் 9 ஆதல் வேண்டும், செல்லாது. 2. பூச்சியங்கள் சேமிக்கப்படவே இல்லை.