ஸுபுஹு வேளையில் வாசலில் நின்ற பெண்

மதீனாவில் ஒரு நாள் ஸுபுஹுத் தொழுகைக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே வந்தபொழுது, விடியாத இருட்டில் வாசலருகே ஒரு பெண் நிற்கக் கண்டார்கள். யாரென்று வினவினார்கள். ஸஹ்லுடைய மகள் ஹபீபா (ரலி) என்று தெரிந்தது. தமக்கும் தம் கணவர் தாபித் இப்னு கைஸுக்கும் இனி ஒத்துவராது என்று அந்த அம்மையார் முறையிட்டார். தாபித் (ரலி) சாமானிய மனிதர் அல்லர். அன்ஸாரிகளின் பேச்சாளர் என்று பெயர் பெற்றவர். அவர் அடித்ததில் அம்மையாரின் உடலில் முறிவு ஏற்பட்டதாக அபூதாவூதின் அறிவிப்பு ஒன்று கூறுகிறது.

நாயகம் (ஸல்) அவர்கள், "பொறுத்துப் போ" என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை. வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போகும் என்றும் சொல்லவில்லை. மஹராகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடும்படி தாபித்துக்குக் கட்டளையிட்டார்கள். மார்க்கச் சட்ட அறிஞர்கள் குலாவுக்கு ஆதாரம் காட்டுவது இந்தச் சம்பவத்தைத்தான். இதெல்லாம் நம் ஆலிம்கள் பயானில் சொல்லக் கேட்டதுதான். ஆனால் இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் கடைசியாக ஒரு செய்தி வருகிறது. அதை நாம் கவனிப்பதில்லை. ஹபீபா தம் குடும்பத்தார் வீட்டில் போய்த் தங்கினார் என்பதே அது.

போய்த் தங்க அவருக்கு ஒரு வீடு இருந்தது, சகோதரர்களே! நம்முடைய இன்றைய பாடம் அந்த வீட்டைப் பற்றியது.

நம் ஊர் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் கப்பலேறிச் சபுர் போனாலும் மனைவி தாயோடும் சகோதரிகளோடும் இருப்பாள். அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கத் தகப்பனார் படும் பாடு வேறு கதை. அதை நான் புகழ வரவில்லை. ஆனால் மாமியார் கண்ணெதிரே கை ஓங்க மாப்பிள்ளை இரண்டு முறை யோசிப்பார். இன்றோ நம் பெண் சிங்கப்பூரில் பன்னிரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். ஊரிலிருந்து வந்தவளாயின் அவளுடைய நீண்டகால வருகை அனுமதிக்குக் கணவரே பொறுப்பாளர். கோபம் வந்தால், "உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்ற ஒரு வார்த்தை போதும், அவள் வாய் அடைத்துப் போகும்.

இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவர் வைத்துப் பேசும்படி திருமறை சொல்லவில்லையா என்று சிலர் கேட்பார்கள். சொல்லியிருக்கிறது. ஆனால் நம் பஞ்சாயத்துக்களில் உட்காருகிறவர்கள் யார்? கணவரின் கடைச் சிநேகிதர்களும் அவர் ஊர்க்காரர்களுமே. அவள் தரப்பு நடுவர் கடல் கடந்து இருக்கிறார். ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறுக்கும் தராசு எந்தக் கடையில் செல்லும்?

தாய்வீடு இல்லாதவளுக்குத் தாய்வீடாக நிற்பதே அடைக்கல இல்லம். இந்நாட்டு முஸ்லிம்களுக்கு இது புதிதன்று. 1947ஆம் வருஷத்தில் மலாய் மாதர் நலச் சங்கத்தைத் தோற்றுவித்த சே ஸஹாரா அம்மையார், ஆதரவற்ற பெண்களையும் அநாதைக் குழந்தைகளையும் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். 1999இல் மாதர் அமைப்புகளின் மன்றம் ஸ்டார் ஷெல்ட்டரை ஏற்படுத்தியது. 2008இல் காஸா ரவ்தா இல்லம் தொடங்கியது. முஸ்லிம்கள் நடத்தினாலும் எல்லா இனத்துப் பெண்களும் பிள்ளைகளும் அங்கே தங்கலாம். இத்தகைய இல்லங்கள் இருக்குமிடத்தை வெளியே சொல்வதில்லை. ஆகவே, பிரியாணிச் சட்டியோடும் புகைப்படக்காரரோடும் போய் இறங்க விரும்பும் நம் தனவந்தர்கள் மன்னிக்க வேண்டும். பணத்தை அனுப்பினால் போதும். அதைவிட மேலானது, வெளியே வரும் பெண்ணுக்குக் கடையில் ஒரு வேலை.

1961ஆம் வருஷத்து மாதர் சாசனம் முஸ்லிம்களைக் கட்டுப்படுத்தாது என்று நம்மில் அநேகர் எண்ணியிருக்கிறார்கள். பாதி சரி. நிக்காஹ், தலாக், குலா, ஃபஸகு முதலியவை 1958 முதல் ஷரியா நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் அடி உதையிலிருந்து காக்கும் பாதுகாப்பு ஆணை முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு. அதைக் குடும்ப நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். ஆணை பெறுவது தலாக் ஆகாது, நிக்காஹ் முறியாது. மீறுகிறவரைப் போலீஸ் கைது செய்யலாம். 2025 ஜனவரி 2 முதல், மனத்தை வதைப்பதும் அடக்கி ஆளுவதும் குடும்ப வன்முறையே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இல்லங்கள் குடும்பத்தைப் பிரிக்கின்றன என்பாரும் உளர். குடும்பம் பிரிந்தது அடி விழுந்த இரவில். இல்லத்துக் கதவு திறந்தது அதற்குப் பிறகு.

வியாபாரிகளாகிய நமக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்துக் கடை எடுத்தவர்கள் நம்மில் பலர். மஹரும் நகையும் மார்க்கப்படி அவளுடைய சொந்த முதல். வாங்கினால் அது கடன். ஆயினும் சீனத்து மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது பேரேட்டில் சென்ட் சுத்தமாக இருக்கும், மனைவியின் இருபது பவுன் எந்தப் பக்கத்திலும் இராது. அவள் ஓர் இரவு பிள்ளைகளோடு வெளியேற நேர்ந்தால், கைக்குழந்தையும் ஒரு பையும் தவிர எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் பவுனை எழுத்தில் வையுங்கள், அவள் கையில் ஒரு பிரதி கொடுங்கள்.

இன்னொன்று, செலவில்லாதது. வன்முறைக்கு ஆளானவர்கள் இரவு பகல் எந்நேரமும் அழைக்க 2021 முதல் ஒரு தேசிய எண் இருக்கிறது: 1800-777-0000. ஜவுளிக் கடைக்காரர்கள் அதைப் பெண்கள் துணி மாற்றிப் பார்க்கும் அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டலாம். கல்லாவுக்கு அருகே ஒட்டினால் பயனில்லை. கணவர் உடன் நிற்பார்.