உழைப்பாளர் கணக்கும் தேசங்களின் ஒப்பீடும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே ருவாண்டா என்னும் மலைநாடு உள்ளது. அங்கே சரிவு நிலத்தை மண்வெட்டியால் கொத்தி, தம் வீட்டாரின் உணவுக்கென்றே அவரையும் வள்ளிக்கிழங்கும் பயிரிடும் ஸ்திரீகள் அநேகர். முற்காலக் கணக்குகளில் இவர்கள் தொழில் புரிவோராகவே எழுதப்பட்டனர். 2016ஆம் ஆண்டில் புதுமுறையிலான உழைப்பாளர் கணக்கெடுப்பு தொடங்கியது முதல் அந்தத் தலைப்பில் இவர்களுக்கு இடமில்லை. ஒருவரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடவில்லை. ஆயினும் தொழில் புரிவோரின் விகிதம் ஏட்டளவில் வெகுவாகக் குறைந்தது. மாறியது கணக்கெடுப்பின் இலக்கணமேயாகும்.

தேசங்கள் யாவற்றுக்கும் பொதுவான இலக்கணம் வேண்டும் என்ற எண்ணம் பழமையானது. 1919ஆம் ஆண்டில் தோன்றிய சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் ஆதரவில், தொழில் புள்ளிவிவர நிபுணர்களின் முதல் மகாநாடு 1923ஆம் ஆண்டில் ஜினீவா நகரில் கூடியது. 1982ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது மகாநாடு, குறித்த ஒரு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் கூலிக்கோ, லாபத்துக்கோ, குடும்ப வருவாய்க்கோ உழைத்தவர் தொழிலுள்ளவர் என்று வகுத்தது. வேலையற்றவர் என்று எழுதுவதற்கோ, அவர் வேலையின்றி இருத்தலோடு, வேலையைத் தேடுதலும், கிடைத்தால் உடனே ஏற்கத்தக்க நிலையில் இருத்தலும் வேண்டும்.

ஒரு மணி நேரம் மிகக் குறைவு என்று பலர் குறை கூறுவர். ஒரு மணி உழைத்தவனும் வாரமெல்லாம் உழைத்தவனும் ஒரே பத்தியில் நிற்பது கண்ணுக்கு உறுத்தலே. ஆனால் சில்லறை வேலையால் விளையும் பொருளும் தேசிய வருமானக் கணக்கில் சேர்கிறது. ஆதலால் அதனைச் செய்தவரும் விடுபடலாகாது. இக்குறையை ஈடுசெய்யவே, உழைத்த மணிகளும், மேலும் உழைக்க விருப்பமுண்டா என்பதும் தனியே கேட்கப்படுகின்றன.

கணக்கெடுப்போர் எல்லா வீடுகளுக்கும் செல்வதில்லை. குலுக்கல் போன்ற முறையில் பொறுக்கிய மாதிரிக் கிராமங்களிலும் பட்டணத்துப் பகுதிகளிலும், சில வீடுகளுக்கே சென்று ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிக்கின்றனர். இங்கே கேள்வியின் வாசகம் மிக முக்கியம். “வேலை செய்தீர்களா?” என்று மட்டும் கேட்டால், கணவரின் கடையில் நாள்தோறும் சாமான் நிறுத்துக் கொடுக்கும் பெண்ணும் “இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்” என்று சொல்லிவிடக் கூடும். ஆகவே கடை, வயல், ஆடுமாடு என ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பது அவசியம். பெற்ற விடைகள் தொழில்வாரியாக எண்ணிடப்படுகின்றன. இந்தியாவின் 2008ஆம் ஆண்டுத் தொழிற்பிரிவுப் பட்டியல் சர்வதேசப் பட்டியலைத் தழுவியதாதலால் இவ்வெண்கள் பிற தேசங்களின் எண்களோடு பொருந்துவன. பெயரும் விலாசமும் நீக்கப்பட்ட பதிவுகளைப் பல தேசங்கள் ஜினீவாவுக்கு அளிக்கின்றன. தொழில் ஸ்தாபனம் அவற்றை ஒரே முறையில் மீண்டும் வகைப்படுத்தி, எல்லோரும் இலவசமாகக் காணும்படி பிரசுரிக்கிறது.

2013ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது மகாநாடு ஒரு பெரிய மாறுதலைச் செய்தது. சமைத்தல், தண்ணீர் சுமத்தல், பிள்ளை பேணல், வீட்டுணவுக்குப் பயிரிடல் யாவும் ‘வேலை’யே என்று அது ஒப்புக்கொண்டது, ஆனால் கூலிக்கோ லாபத்துக்கோ செய்வதை மட்டுமே ‘தொழில்’ என்றது. எனவே பயிரிடுவோரிடம் விளைச்சல் பெரும்பாலும் விற்பனைக்கா, வீட்டுக்கா என்று கேட்க நேர்கிறது. பாதியை விற்றுப் பாதியை உண்ணும் குடியானவருக்கு இக்கேள்வி எளிதன்று. வேலையையும் தொழிலையும் இவ்வாறு பிரித்தது தக்கதே. எனினும் வீட்டு வேலைக்குரிய இரண்டாவது பட்டியலையும் தயாரிக்காத தேசத்தில் அந்த ஸ்திரீகள் எந்த ஏட்டிலும் இல்லாமற் போவர்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு முதல் நடைபெறும் உழைப்பாளர் கணக்கெடுப்பு பழைய இலக்கணத்தையே பெரிதும் தழுவுகிறது. வீட்டுணவுக்கு நெல் விளைவிப்பவர் இதில் தொழிலுள்ளவர். அந்நெல்லை வீட்டுக்காகக் குத்துவதோ கணக்கில் சேராது. ஆதலால் ருவாண்டாவின் விகிதத்தையும் இந்திய விகிதத்தையும் அப்படியே அருகருகே வைத்தல் பிழையாகும். தொழில் ஸ்தாபனம் இரு இலக்கணங்களுக்கும் தனித்தனி வரிசைகள் வைத்திருப்பது இதனாலேயே.

விறகு பொறுக்குதல், மாட்டுத்தீனி சேகரித்தல், வீட்டாருக்குத் துணி தைத்தல் ஆகியவற்றை வீட்டு வேலையோடு செய்பவருக்கு இந்தியக் கணக்கெடுப்பில் 93 என்ற எண் உண்டு; அது உழைப்பாளர் தொகைக்குப் புறம்பானது. 2019ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் நடந்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளில் ஒரு நாளின் 24 மணியும் அரைமணி வீதம் எழுதப்பட்டது. அவர்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் செலவிட்ட நேரம் அவ்வேடுகளில் பதிவாகியிருக்கிறது.