பலாங்கொடை மனிதனை மேசையில் நிறுத்தும் தொழில்

சின்ன உருவங்களை அறுத்து, ஒட்டி, பெயின்ற் அடித்துக் கொடுக்கும் வேலைக்கு வெளிநாட்டில் கேள்வி இருக்கிறது. மேசையில் ஆடும் போர் விளையாட்டான வார்கேமுக்கு எச். ஜி. வெல்ஸ் 1913இலேயே 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் விதி எழுதிவிட்டார். இன்று அதில் அதிகம் புழங்குவது 28 மில்லிமீற்றர் உருவங்கள். கடையில் வாங்கிய உருவத்தை வேறு ஆளாக மாற்றுவதைக் கன்வேர்ஷன் என்பார்கள். நல்ல மேசை விளக்கு, கூரான கத்தி, கைத்துளைப்பான், சுப்பர் குளூ, எபொக்சி பட்டி இருந்தால் நம் ஊர் சாம்பல்தீவில் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

ஆனால் ரோமரையும் நெப்போலியன் படையையும் மாற்றிக் கொடுக்க அங்கேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் வேறு. ஆதிமனிதர் என்று தேடினால் வருவது பெரும்பாலும் ஐரோப்பியப் பனிக்கால ஆட்கள்தான். இங்கிலாந்தின் ஸ்ரீவ் பார்பர் மொடல்ஸ் போன்றோர் செய்யும் வரிசைகளும் அந்த உலகத்துக்கே உரியவை: மயிர்த்தோல் போர்வை, தடித்த ஈட்டி, எதிரே மமத் யானை. இலங்கையின் மழைக்காட்டு வேட்டைக்காரரைச் சரியாகச் செய்யத் தெரிந்த கை உங்களுடையதாக இருக்கட்டும்.

அதற்கு முதலில் படிப்பு வேண்டும். அந்த ஆதி வேட்டைக்காரருக்குப் பலாங்கொடை மனிதன் என்ற பெயரை வைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1956இல் பெல்லன்பெந்திபெலஸ்ஸவில் எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தவரும் அவரே. அவர் மகன் சிரான் தெரணியகல பட்டதொம்பலென, பெலிலென குகைகளை ஆராய்ந்து, இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலம் பற்றி 1992இல் பெரிய நூல் எழுதினார். களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல குகையில் ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தார்கள். அங்கு கிடைத்த எலும்பு முனைகள் அம்புமுனைகளாக இருந்திருக்கும் என்று 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்கு முந்திய ஆண்டு வெளியான ஆய்வொன்று, அந்த மக்கள் குரங்கையும் மலை அணிலையும் திட்டமிட்டு வேட்டையாடினார்கள் என்று எலும்புகளை வைத்துக் காட்டியது.

இந்த ஒரு செய்தி உங்கள் உருவத்தின் நிலையையே மாற்றிவிடும். மமத் வேட்டைக்காரன் முன்னே பார்த்துக் குத்துவான். நம் ஆள் அண்ணாந்து பார்ப்பான். இரை மரத்தின் உச்சியில் இருக்கிறது. தலை நேரே நிற்கிற வில்லாளிக்குத் தோலாடையை மட்டும் கழற்றிவிட்டுப் 'பலாங்கொடை' என்று பெயர் வைத்தால் அது ஏமாற்று வேலை.

செய்முறை இப்படி. கையும் தலையும் தனியாக வருகிற பிளாஸ்ரிக் வில்லாளிப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். வெற்றுடம்பு உருவம் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். கழுத்தை மெல்லிய வாளால் அறுத்து, பித்தளைக் கம்பி செருகித் தலையைப் பின்னே சாயுங்கள். தலை மட்டும் சாய்ந்தால் கழுத்து ஒடிந்த ஆள் போல இருக்கும். அதனால் இடுப்பிலும் ஒரு வெட்டு வேண்டும். முன்பக்கம் திறக்கிற இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, வயிறு இழுபட்டு நிற்பதைக் காட்டுங்கள். விலா எலும்பு கொஞ்சம் தெரியட்டும். சப்பாத்தைச் செதுக்கிக் கால்விரல் பிரியுங்கள். வில்லுக்குப் பித்தளைக் கம்பி, நாணுக்குக் கிடைக்கிறதில் மெல்லிய தங்கூசி. கிறீன் ஸ்ரவ் பட்டியில் மஞ்சள் பகுதியைச் சற்றுக் கூட்டிக் குழைத்தால் இளகி ஒட்டும், அது தசைக்கும் தோலுக்கும் நல்லது. நீலப் பகுதி கூடினால் இறுகி விளிம்பு கூராக நிற்கும், விரலுக்கும் முடிச்சுக்கும் அதுதான்.

அளவுக் கணக்கைத் தவறவிடாதீர்கள். எலும்புகளை வைத்து ஆணின் சராசரி உயரம் 174 சென்ரிமீற்றர், பெண்ணினது 166 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 28 மில்லிமீற்றர் வரிசையை 56இல் ஒரு பங்கு என்று எடுத்தால் ஆண் 31 மில்லிமீற்றர், பெண் ஏறக்குறைய 30. அந்தக் காலத்துக்கே அடையாளமான நுண்கற்கருவிகள் 4 சென்ரிமீற்றருக்கும் சிறியவை. உங்கள் மேசையில் அவை முக்கால் மில்லிமீற்றரைத் தாண்டா. அதைச் செதுக்கிக் காட்ட நினைப்பது வீண். குந்தியிருந்து கல் உடைக்கும் ஒருவரைச் செய்யுங்கள், பார்க்கிறவருக்கு விளங்கும். கடற்சிப்பி மணிகள் உள்நாட்டுக் குகைகளில் கிடைத்திருப்பதால், ஒருவர் கழுத்தில் ஊசிமுனையால் நாலு வெள்ளைப் புள்ளி வைக்கலாம். என்ன உடுத்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. மரப்பட்டையோ இலையோ போல எளிமையாக விடுவதே நேர்மை. யார் வேட்டையாடினார் என்பதும் எலும்பில் எழுதியில்லை. அதனால் வில் பிடித்த பெண்ணையும் குழுவில் சேருங்கள்.

முகத்துக்கு ஆதாரம் மண்டையோடுகள்: துருத்திய புருவ மேடு, பதிந்த மூக்கு, கனத்த தாடை, குறுகிய கழுத்து, பெரிய பற்கள். வேடர் சமூகத்துப் படம் ஒன்றை எடுத்து முகத்தை அப்படியே கொப்பியடிக்காதீர்கள். மூதூர்ப் பக்கமும் வெருகலிலும் கரையோர வேடர் இன்றைக்கும் நம் அயலவர்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு குடும்பத்தை 'ஆதிமனிதர்' என்று விற்பனைப் பெட்டியில் வைப்பதை நான் மன்னிக்கமாட்டேன். வாடிக்கையாளரே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

நம் ஊர்க் காலநிலையும் வேலையில் கைவைக்கும். வெக்கையில் பட்டி சீக்கிரம் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். ஒக்ரோபரிலிருந்து மழைக்காலத்தில் ஈரக் காற்றில் ஸ்பிறே அடித்தால் பெயின்ற் வெளிறிப் பூத்துவிடும். கச்சான் காலம் உலர்ந்தது, ஆனால் தூசி பறக்கும். அதனால் காற்று எழும்பமுன் விடியற்காலையில் அடியுங்கள். கடற்காற்றுக்கு இரும்புக் கம்பி துருப்பிடிக்கும் என்பதால்தான் பித்தளை சொன்னேன். உருவம் நிற்கும் தளத்துக்குக் கடற்கரை மணல் எடுத்தால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவையுங்கள், உப்பு நின்றால் பெயின்ற் உரியும். காட்டுச் சருகுக்குக் காய்ந்த தேயிலைச் சக்கை அருமையாகப் பொருந்தும். தொல்லியல் இடத்தில் கல்லோ சிப்பியோ பொறுக்கவே வேண்டாம், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கலாம். ஈரமாக்கி அராவுங்கள், முகமூடி போடுங்கள், சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம்.

மண்டையோட்டையும் கற்கருவியையும் கண்ணால் பார்க்கக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கும் இரத்தினபுரி நூதனசாலைக்கும் போய்வாருங்கள். சிற்பத்தை முறையாகப் படிக்க விரும்பினால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, தொல்லியலுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். இரண்டும் தெரிந்தவருக்கு நூதனசாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் காட்சிப்பெட்டி செய்யும் வேலையும் திறக்கும். வார்கேம் சந்தையை மட்டும் நம்பியிராமல் அந்தக் கதவையும் தட்டுங்கள்.

விலை பேசும்போது உருவத்துக்கு இவ்வளவு என்று வாய்விடாமல், முதல் குழுவைச் செய்யும்போதே மணிக்கணக்கை எழுதி வையுங்கள். அண்ணாந்த வில்லாளிக்கும் குந்தியிருப்பவருக்கும் போகும் நேரம் ஒன்றல்ல. அளவு, தளத்தின் விட்டம், வாடிக்கையாளர் எந்த விதிநூலில் ஆடுகிறார் என்ற மூன்றையும் கேட்ட பிறகே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்கூட்டியே வரட்டும். அதைப் பேயோனியர் போன்ற இணையக் கொடுப்பனவு வழியில் பெறலாம். வாங்கிய உருவத்தை மாற்றி அந்த ஒன்றையே விற்பது வேறு, அதை அச்செடுத்து வார்த்துப் பல பிரதி விற்பது வேறு. பின்னது திருட்டு. பிரதி போட ஆசை என்றால் தலையிலிருந்து கால்வரை நீங்களே செதுக்குங்கள்.

அனுப்பும் பெட்டியில் ஒரு சீட்டு வையுங்கள்: எந்தக் குகை, எந்தக் காலம், எது சான்று, எது உங்கள் ஊகம். எலும்பு முனை, மணி, இரை சான்றின் பக்கம். வில் அந்த முனைகளிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்த முடிவு. உடையும் தலைமயிரும் ஊகத்தின் பக்கம்.